கெடுவுக்கு முன்னால் காலி செய்தால்...

நீங்கள் இதுவரை எத்தனை வீடு மாறியிருக்கிறீர்கள்? சற்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பட்டணத்தில் வாடகை வீட்டில் குடித்தனம் செய்கிற பெண்மணிகளுக்கு ஒரு கை விரல்கள் போதா. ஒவ்வொரு வீட்டுக்கும் நாம் ஒரு பெயர் வைத்திருப்போம். "தண்ணீர்க் கஷ்ட வீடு", "பெரியவன் பிறந்த வீடு", "குரங்கு வந்த வீடு" என்று. அந்த வரிசையில் அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் "அட்வான்ஸ் திரும்பாத வீடு" என்று ஒன்று இருக்கும்.

எனக்கும் ஒன்று உண்டு. கலியாணமான புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷன். பதினொரு மாதக் கெடு. ஒன்பதாம் மாதம் காலி செய்தோம். கொடுத்த அட்வான்ஸ் ரூ. 60,000. திரும்பி வந்தது ரூ. 31,000. அதனுடன் ஒரு துண்டுக் காகிதம்: வெள்ளையடிக்க இவ்வளவு, சொன்ன கெடுவுக்கு முன்னால் போவதற்கு இவ்வளவு என்று. நானும் பெரிய மனுஷனைப்போல் "அதனால் என்ன?" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவி மட்டும் அந்தத் துண்டுக் காகிதத்தை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் எப்போதாவது கெட்டிக்காரத்தனமாகப் பேச ஆரம்பித்தால் அது வெளியே வரும்.

அதனால்தானோ என்னவோ, போன வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு சகோதரி கையில் வாடகை ஒப்பந்தத்துடன் எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது, "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்!

விஷயம் இதுதான். மேற்கு மாம்பலத்தில் மாடிப் போர்ஷன். மாத வாடகை ரூ. 15,000. பட்டணத்துப் பழக்கப்படி பத்து மாத வாடகை, அதாவது ரூ. 1,50,000 அட்வான்ஸ். கணவர் பாங்கி உத்தியோகஸ்தர். மார்கழி பிறப்பதற்கு முன்னால் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று கார்த்திகைக் கடைசியில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் குடி வந்தார்கள். ஒப்பந்தத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. அட்வான்ஸில் ரூ. 90,000, அந்தச் சகோதரியின் நான்கு வளையல்களை அடகு வைத்து வந்த பணம். மீதி சேமிப்பு.

ஜூன் மாதத்தில் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவர் ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பது, சாமான் கட்டுவது, வீட்டுக்காரருக்குச் சொல்வது எல்லாம் அம்மணியின் தலையில்.

வீட்டுச் சொந்தக்காரி ஒரு மாமி. கீழ்ப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். மாடி வாடகைதான் ஜீவனம். காலி செய்யப்போவதாகச் சொன்னதும் மாமி ஒரு கணக்குப் போட்டார். கெடு முடியாமல் போவதற்கு இரண்டு மாத வாடகை, ரூ. 30,000. வெள்ளையடிக்க ரூ. 15,000. "உங்களுக்குப் பதில் வேறு ஆள் பிடிக்கத் தரகருக்கு நான்தானே கொடுக்க வேண்டும்?" என்று அதற்கு ரூ. 15,000. சில்லறை ரிப்பேருக்கு ரூ. 8,000. ஆக மொத்தம் ரூ. 68,000 பிடித்தம். மீதி ரூ. 82,000 எப்போது? "புதுக் குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும்."

"வளையலை மீட்கவே இது போதாதே, அண்ணா! வட்டி வேறு ஏறிக்கொண்டிருக்கிறதே!" என்றார் அந்தச் சகோதரி. கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் அழவில்லை. ஒப்பந்தத்தை மேஜைமேல் வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

படித்தோம். இரண்டு ஷரத்துக்கள் எங்கள் விஷயத்துக்கு வேண்டியவை. ஒன்று: காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரண்டு: பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் இரண்டு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும். வெள்ளையடிப்பதைப் பற்றியோ, தரகரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அதெல்லாம் "ஊர் வழக்கம்".

ஊர் வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் நம் பட்டணத்தில் என்றுமே ஒத்துப்போனதில்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ல் வந்தது. நியாய வாடகை நிர்ணயிக்காத வீட்டுக்கு வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஒரே ஒரு மாதம்! அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேதான் பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையில் சர்வசாதாரணமாயிற்று.

இப்போது அந்தச் சட்டம் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று மூச்சு வாங்கும்படியான நீண்ட பெயர் கொண்ட ஒரு தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. பெயர்தான் நீளமே தவிர, நமக்கு வேண்டிய பகுதிகள் சுருக்கமானவை.

முதலாவது, குடியிருப்பவர் கெடுவுக்கு முன்னால் போகவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கண்டபடி நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிவிட்டு, "அன்றைக்கே சொன்னேனே மாமி" என்று பிறகு வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள். ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இதைச் செய்தால் வீட்டுக்காரர் மனம் புண்படுமே என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். காகிதம் ஒன்றும் கெட்ட வார்த்தை அல்ல. அன்றாடம் பால்காரரிடம் அட்டையில் கோடு போட்டு வாங்கியவர்கள்தானே நாம்?

இரண்டாவது, அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் ஆரம்பிக்கிறது. ஆனால் அதே மூச்சில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று ஒரு வாலும் இருக்கிறது! அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. அது மாதிரிதான். நமக்கு நடப்பது 2017-ம் வருஷத்துச் சட்டம்.

ஆனால் திருப்பித் தருவதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் தந்துவிட வேண்டும். புதுக் குடித்தனம் வந்தால்தான் என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது.

மூன்றாவது, வெள்ளையடிக்கும் செலவு. ரிப்பேர்களில் எது யாருடையது என்று சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, மின்சாரக் கம்பி மாற்றுவது இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற அன்றாடச் சில்லறை ரிப்பேர்கள் குடியிருப்பவருடையவை. குடியிருப்பவர் சேதப்படுத்தியிருந்தால் அது வேறு. சாதாரணமாகப் புழங்குவதனால் ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல. இது புதுச் சமாசாரமும் அல்ல. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. நூற்றுநாற்பது வருஷங்களுக்கு மேலாக இருக்கிற ஒரு சௌகரியத்தைத் தெரிந்துகொள்ளாமல் நானும் திருவல்லிக்கேணியில் வெள்ளையடிக்கப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பாருங்கள்.

இதைக் கேட்டதும் அந்தச் சகோதரியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அந்த ரூ. 30,000?" என்றார்.

அங்கேதான் சிக்கல். அது ஊர் வழக்கம் அல்ல. கையெழுத்துப் போட்ட ஷரத்து. ஆங்கிலத்தில் 'லாக்-இன்' என்கிறார்களே, அது இதுதான்.

இதற்கு 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 74-வது பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகையை எழுதியிருந்தால், அது உச்ச வரம்புதான். அதற்குமேல் போகக் கூடாது. அதற்குள் எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான். எழுதியிருக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் அப்படியே விழுங்கிவிட முடியாது.

1963-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பிரசித்தமான உதாரணம். டில்லியில் ஒரு வீடு விற்க ஒப்பந்தம். வாங்க வந்தவர் ரூ. 25,000 கொடுத்திருந்தார். அதில் ரூ. 1,000 அச்சாரம். பிறகு வியாபாரம் நடக்கவில்லை. ஒப்பந்தப்படி முழுவதும் எனக்கே என்றார் விற்பவர். அச்சாரம் ரூ. 1,000 போக மற்ற ரூ. 24,000-ஐ அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, அது அபராதம் போன்றது, நஷ்டத்தைக் காட்டவில்லையே என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வீட்டில் அவர் இருந்த காலத்துக்கு உரியதை மட்டும் தனியாகக் கணக்கிட்டது. நஷ்டம் என்று ஒன்று ஏற்பட்டால்தான் நஷ்டஈடு என்பதை 2015-லும் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் திரும்பச் சொல்லியிருக்கிறது. இவை விற்பனையையும் ஏலத்தையும் பற்றிய வழக்குகள். ஆனால் பிரிவு ஒன்றுதான். கடை, ஆபீஸ் போன்ற பெரிய குத்தகைகளில் நீண்ட காலத்துக்கு லாக்-இன் போட்டிருந்தால் கோர்ட்டு வேறு மாதிரி பார்க்கக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமிக்கு நஷ்டம் உண்டா, இல்லையா? இதுதான் கேள்வி. நீங்கள் போன மறு வாரமே வேறொருவர் குடி வந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் ஒரு வார வாடகை. நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தும் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு உங்களிடம் வாடகை கேட்பதும் செல்லாது. 73-வது பிரிவு அதையும் கவனிக்கச் சொல்கிறது.

அந்தச் சகோதரி நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது ஜூன் 14. காலி செய்கிற தேதி ஜூலை 14. மூன்று நாளில் ஆடி பிறந்துவிடும்!

என்ன செய்வது? "ஆடியிலே எவன் பால் காய்ச்ச வருவான், சொல்லு பார்ப்போம்!" என்று மாமி கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டப் புஸ்தகத்தில் ஆடி மாதம் கிடையாது. ஆனால் வாடகை வீட்டு உலகத்தில் ஆடியும் மார்கழியும் உண்டு. அந்த மாதங்களில் 'டூ-லெட்' பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். ஆக, மாமிக்கு ஒரு மாத வாடகை போவது நிச்சயம். இரண்டு மாதம் போகும் என்பது நிச்சயம் இல்லை.

மாமியின் கஷ்டம் இன்னொன்றும் இருந்தது. அந்த ரூ. 1,50,000 அவரிடம் இல்லை! மொட்டைமாடி ஒழுகியதை அடைக்கவும், பெண்ணின் பிரசவத்துக்கும் செலவாகிவிட்டது. இதில் மாமியை மட்டும் குறை சொல்வானேன்? பட்டணத்தில் முக்கால்வாசி அட்வான்ஸ் இப்படித்தான் நடக்கிறது. வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் போகிறவருக்குக் கொடுப்பது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போகிறவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். நம் பணம் பீரோவில் பூட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைசி நாளில் போய்க் கையை நீட்டினால் கிடைக்காது. அதனால்தான் நோட்டீஸை எவ்வளவு முன்னதாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பலகை தொங்கவிடச் சம்மதியுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் காட்டுங்கள். தெரிந்தவர் யாராவது வீடு தேடினால் அழைத்து வாருங்கள். இது வீட்டுக்காரருக்குச் செய்கிற உபகாரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பணம் திரும்பி வருகிற வழி அது.

"கடைசி இரண்டு மாத வாடகை கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் என்ன?" என்று அந்தச் சகோதரி ஒரு யோசனை சொன்னார். பல வீடுகளில் இப்படி நடப்பதுதான். சொந்தக்காரர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். அவர் சம்மதிக்காமல் நாமாக நிறுத்தினால் வாடகை பாக்கிக்காரர் என்ற பெயர் வரும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதை நாமே கெடுத்துக்கொள்வானேன்? வேண்டாம் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். என் மனைவியும் வந்தாள். துண்டுக் காகிதத்தை மட்டும் கொண்டுவரவில்லை. மாமி காப்பி கொடுத்தார். முதல் அரை மணி நேரம் மாமியின் பேத்தியைப் பற்றியே பேச்சு. பிறகு நான் மெதுவாக வெள்ளையடிப்பை எடுத்தேன். "உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையே மாமி" என்றதும் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அவரும் அதுவரை படித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"தரகர் கூலி?" என்றார்.

"அதுவும் இல்லை, மாமி" என்றார் அந்தச் சகோதரி. "ஆனால் ஆடியில் வீடு காலியாக இருக்கும் என்கிறீர்களே, அது எனக்குப் புரிகிறது. ஒரு மாத வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்னால் முடியாது. அது என் வளையல்."

மாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதே, அது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார் சகோதரி. காரியம் முடிந்தது.

காலி செய்யும் நாளன்று நாங்கள் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு, வெறும் வீட்டை அறை அறையாகப் போனில் படம் எடுத்தோம். சுவர், தரை, குழாய், கழிவறை எல்லாம். குடி வந்த நாளிலும் இப்படி எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். மின்சார மீட்டரில் அன்றைக்கு ஓடியிருந்த எண்ணைப் படம் எடுத்தோம். நம் மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே? நடுவில் போகிறவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதில் தகராறு வருவது அங்கேதான். கடைசியாக, எத்தனை சாவி கொடுத்தோம், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதி மாமியிடம் கையெழுத்து வாங்கினோம். அட்வான்ஸ் திருப்பித் தரும் ஒரு மாதக் கெடு காலி செய்த நாளிலிருந்து ஓடுகிறது. சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ரயில் ஏறியவர்கள், எந்தத் தேதியில் காலி செய்தோம் என்பதைப் பிற்பாடு நிரூபிக்க முடியாமல் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு இப்படி நின்றது. ஒரு மாத வாடகை ரூ. 15,000. குழாய்க்கு ரூ. 900. மின்சாரம் ரூ. 2,140. பிடித்தம் ரூ. 18,040. திரும்ப வேண்டியது ரூ. 1,31,960. மாமி அன்றைக்கே பாங்கியிலிருந்து ரூ. 50,000 எடுத்துக் கொடுத்தார். மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் இப்படிக் காப்பி கொடுத்துக் காரியம் முடியும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வாடகை அதிகாரி என்று ஒருவரும், வாடகை நீதிமன்றமும், அதற்குமேல் தீர்ப்பாயமும் புதுச் சட்டத்தில் ஏற்பட்டிருக்கின்றன. வாடகை அதிகாரி, துணைக் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத உத்தியோகஸ்தர். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து அவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். இதிலே ஒரு தப்பபிப்பிராயம் பரவியிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பழைய விதி. அதிலிருந்து தப்பத்தான் பதினொரு மாதம் என்ற வழக்கமே பிறந்தது. பதினொரு மாதம்தானே, எந்தப் பதிவும் வேண்டியதில்லை என்று இப்போதும் பலர் நினைக்கிறார்கள். வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவுக்கு அந்தச் சலுகை இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுத்துக்கொள்வதற்குத் தடை வரும். குடி போகும்போது இருக்கிற சந்தோஷத்தில் இதை யாரும் நினைப்பதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று பயப்பட வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். இதை எத்தனையோ படித்த பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்த மாம்பலத்து ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தது. வளையல் மனைவியுடையது, கையெழுத்து கணவருடையது. கணவர் நல்லவர், ஊரில் இருந்துகொண்டே "நீ சொல்கிறபடி செய்" என்றார். வழக்கு என்று வந்திருந்தால் முன்னே நிற்க வேண்டியவர் அவர்தான். எல்லாக் குடும்பங்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்கள் பணம் அட்வான்ஸில் இருந்தால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் உங்கள் பாங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். எங்கிருந்து போயிற்று என்பது என்றைக்கும் அழியாமல் இருக்கும்.

வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கிறார்கள். 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் அல்லவா? ரிப்பேர் செய்யாமல் இருக்க முடியாது என்ற நிலை, எழுதிக் கேட்டும் சொந்தக்காரர் செய்ய மறுக்கிறார் என்றால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமையைப் புதுச் சட்டம் தருகிறது. இங்கேயும் 'எழுதி' என்பதுதான் உயிர். போக்கியத்துக்கு, அதாவது மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவர்கள் பாடு இதைவிடக் கஷ்டம். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

மாமி சொன்ன தேதி ஆகஸ்டு 14. அன்றைக்குப் பணம் வரவில்லை. ஆவணி பிறந்து நாலாம் நாள் ஒரு புதுத் தம்பதி மாடிக்குக் குடி வந்தார்கள். மறுநாள், ஆகஸ்டு 21-ல், ரூ. 81,960 கோயம்புத்தூர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் தாமதம். அந்த ஒரு வாரத்து அடகு வட்டி சட்டப்படி மாமியைத்தான் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீடு காலியாகக் கிடந்தது ஒரு மாதத்துக்கும் ஒரு வாரம் கூடுதலாயிற்றே, அதை மாமி கேட்கவில்லையே என்றாள் என் மனைவி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. வேறு வீடு பார்த்திருக்கிறார்களாம். ஒப்பந்தத்தை அந்தச் சகோதரி ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாதம். ஆறு மாத லாக்-இன் போட்டிருந்ததில், "மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாத நோட்டீஸுடன் பிடித்தம் இன்றிக் காலி செய்யலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"மாற்றல் ஆடியிலே வராமல் இருப்பதற்கும் ஏதாவது ஷரத்து உண்டா, அண்ணா?" என்று கேட்டார்.

அதைப் பாங்கி மேலதிகாரியிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். வளையல் சத்தம் போனில் கேட்டது.